ஓடக்காரப் பெண் ராணி ஆனாள்!

கடலில் ஓடம் செலுத்தித் திரிந்த ஒரு பெண், சோழ நாட்டின் ராணி ஆனாள்!

சரித்திரத்தில் அல்ல, கதையில். அவள் பெயர் பூங்குழலி. கதையின் பெயர் 'பொன்னியின் செல்வன்'. எழுதியவர் கல்கி கிருஷ்ணமூர்த்தி.

1950-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி 'கல்கி' வாரப் பத்திரிகையில் இந்தத் தொடர்கதை ஆரம்பமாயிற்று. 1954-ம் ஆண்டு மே 16-ந் தேதி முடிந்தது. மூன்றரை வருஷத்துக்கு மேல் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் வாரந்தோறும் அதற்காகக் காத்திருந்தன. பத்திரிகை வந்ததும் வீட்டில் யார் முதலில் படிப்பது என்று சண்டை நடக்கும். எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

அந்தக் கதை இன்றும் பழசாகவில்லை. பேரன் பேத்திகளும் படிக்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

சென்னைக்கு வடக்கே பொன்னேரி தாலுகாவில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. ஒடிஸாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் மிகப் பெரிய உப்பு நீர் ஏரி இதுதான். அதன் கரையில் உள்ள மீனவர் ஊர்களில் ஒன்று கோட்டைக்குப்பம். ஊரின் பெயரிலேயே கோட்டை இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-ம் ஆண்டு பழவேற்காட்டில் 'கெல்ட்ரியா' என்ற கோட்டையைக் கட்டினார்கள். இன்று அங்கே மண்மேடும் புதரும்தான் மிச்சம்.

'பொன்னியின் செல்வன்' கதையில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. ஒன்று ஓடம். மற்றொன்று முறை, அதாவது யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்ற நியாயம். இந்த இரண்டையும் கோட்டைக்குப்பத்து ஜனங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் பிழைப்பே இந்த இரண்டில்தான் இருக்கிறது.

ஏரிக்கரையில் ஒரு குதிரை வீரன்

கதை ஓர் ஏரிக்கரையில் தொடங்குகிறது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கு. வீர நாராயண ஏரியில் புது வெள்ளம் நுரைத்து நிற்கிறது. கரைமேல் ஓர் இளைஞன் குதிரையில் வருகிறான். ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்களையும் எண்ணிப் பார்த்து வியக்கிறான். அவன்தான் வாணர் குலத்து வீரன் வந்தியத்தேவன்.

அந்த ஏரி கற்பனை அல்ல. காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் உள்ள வீராணம் ஏரிதான் அது. 2004-ம் ஆண்டு முதல் சென்னை நகரத்தின் குடிதண்ணீருக்கும் அது உதவுகிறது.

வந்தியத்தேவன் கையில் இரண்டு ஓலைகள். கொடுத்து அனுப்பியவன் காஞ்சியில் இருக்கும் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன். ஓர் ஓலை தஞ்சையில் நோயாய்ப் படுத்திருக்கும் தகப்பனார் சுந்தர சோழருக்கு. மற்றொன்று பழையாறையில் இருக்கும் தங்கை குந்தவைக்கு.

போகும் வழியில் கடம்பூர் மாளிகையில் இராத் தங்குகிறான். நள்ளிரவில் அங்கே ஒரு சதி ஆலோசனை! பெரிய பழுவேட்டரையரும் மற்றச் சிற்றரசர்களும் கூடிப் பேசுகிறார்கள். "சுந்தர சோழருக்குப் பிறகு பட்டம் அவர் பிள்ளைகளுக்கு அல்ல, மதுராந்தகனுக்கு" என்பது அவர்கள் முடிவு. மதுராந்தகன் எங்கே? பெண்கள் ஏறும் மூடு பல்லக்குக்குள் ஒளிந்து அங்கேயே வந்திருக்கிறான்! மதில்மேல் இருந்து வந்தியத்தேவன் எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறான்.

அங்கே பற்றிய நெருப்பு ஐந்து பாகம் எரிகிறது. 'புது வெள்ளம்', 'சுழற்காற்று', 'கொலை வாள்', 'மணிமகுடம்', 'தியாக சிகரம்' என்பன அந்தப் பாகங்கள். மொத்தம் 293 அத்தியாயங்கள்.

பறக்கும் கம்பளமோ, ஏழு கடல் தாண்டிய கிளியோ இதில் இல்லை. ஆனாலும் மாயக்கதை படிக்கும் திகில் உண்டு. வானத்தில் வால் நட்சத்திரம் தோன்றுகிறது. அரச குடும்பத்துக்கு ஆகாது என்று ஊரெல்லாம் முணுமுணுக்கிறது. ஆந்தை கூவுகிறது. அது சதிகாரர்களின் அடையாளக் குரல். அழகே உருவான நந்தினி கையில் ஒரு வாளை வைத்துக்கொண்டு பழிவாங்கக் காத்திருக்கிறாள்.

முக்கியமான பாத்திரங்களில் பலர் இளைஞர்கள். பெரியவர்கள் திட்டம் போடுகிறார்கள். ஓடி ஆடி, அடிபட்டு, தடுமாறி, கடைசியில் நாட்டைக் காப்பாற்றுகிறவர்கள் சின்ன வயதுக்காரர்கள். பள்ளிப் பிள்ளைகள் இந்தப் புத்தகத்தைக் கீழே வைக்காததற்கு இதுவே காரணம்.

சமுத்திர குமாரி

இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' கோடிக்கரையில் ஆரம்பமாகிறது. அதன் முதல் அத்தியாயத்துக்கே 'பூங்குழலி' என்றுதான் பெயர்.

பூங்குழலி கலங்கரை விளக்கக் காவலரின் மகள். தகப்பனார் பெயர் தியாகவிடங்கர். கோடிக்கரைக் காட்டில் எங்கே புதைசேறு, எங்கே கெட்டித் தரை என்பது அவளுக்குத் தெரியும். அவளைத் துரத்திக்கொண்டு ஓடிய வந்தியத்தேவன் புதைசேற்றில் மாட்டிக்கொள்கிறான். புதைந்துகொண்டிருந்தவனை அவளே கை கொடுத்துக் கரையேற்றுகிறாள்!

இரவில் சதுப்பு நிலத்தில் தீப்பிழம்புகள் தோன்றி மறைகின்றன. மற்றவர்களுக்கு அவை கொள்ளிவாய்ப் பேய்கள். பூங்குழலியோ அவற்றைத் தன் காதலர்கள் என்று சொல்லிச் சிரிக்கிறாள். சேற்றில் மக்கிய இலைதழைகளிலிருந்து கிளம்பும் வாயு எரிவதால் உண்டாகும் வெளிச்சம் அது என்று விஞ்ஞானம் கூறுகிறது.

வந்தியத்தேவன் இலங்கைக்குப் போக வேண்டும். அங்கே படை நடத்தும் இளைய இளவரசர் அருள்மொழிவர்மரிடம் குந்தவை கொடுத்த ஓலையைச் சேர்க்க வேண்டும். பூங்குழலி தன்னந்தனியாகத் துடுப்புப் போட்டு அவனைக் கடல் கடத்தி விடுகிறாள்.

பாகத்தின் முடிவில் அந்தப் பெரும் புயல் வருகிறது. வந்தியத்தேவன் அகப்பட்டுக்கொண்ட கப்பலில் இடி விழுந்து தீப்பிடிக்கிறது. நண்பனைக் காப்பாற்ற இளவரசர் கொந்தளிக்கும் கடலில் இறங்குகிறார். இருவரும் முறிந்த பாய்மரம் ஒன்றைப் பற்றிக்கொண்டு மிதக்கிறார்கள். பொழுது போகப் போகக் கை ஓய்கிறது. அப்போது ஒரு சிறு படகு தெரிகிறது. துடுப்புப் போடுகிறவள் பூங்குழலி!

'சமுத்திர குமாரி' என்று இளவரசர் அவளுக்குப் பெயர் வைக்கிறார். பிற்காலத்தில் தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய ராஜராஜ சோழர்தான் அந்த இளவரசர். கதையின்படி அவர் உயிர் ஓர் ஓடக்காரப் பெண்ணின் கையில் இருந்தது.

இந்தக் காட்சிகளுக்காகக் கல்கி உழைத்தார். ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு இலங்கைக்கே சென்று சுற்றிப் பார்த்தார். மணியம் வரைந்த கொண்டைகளும் நகைகளும் தமிழர் மனத்தில் சோழர் காலத்தின் உருவமாகவே நின்றுவிட்டன.

யார் நிஜம்? யார் கற்பனை?

படிக்கிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது.

சுந்தர சோழர் நிஜம். ஆதித்த கரிகாலன் நிஜம். குந்தவை நிஜம். தஞ்சைப் பெரிய கோவிலுக்கு அவர் கொடுத்த பொன்னும் நகையும் கல்வெட்டிலே இருக்கின்றன. வந்தியத்தேவரும் நிஜம். குந்தவையின் கணவர் என்று தஞ்சைக் கல்வெட்டு அவரைக் குறிப்பிடுகிறது. பழுவேட்டரையர் குலமும் நிஜம்.

நந்தினி கற்பனை. வீர வைஷ்ணவன் ஆழ்வார்க்கடியான் கற்பனை. பூங்குழலியும் கற்பனைதான்.

சரி, கரிகாலனைக் கொன்றது யார்? காட்டுமன்னார்கோவில் பக்கம் உடையார்குடியில் ஒரு கல்வெட்டு உண்டு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிட்டு, அவர்களுடைய உறவினரின் நிலங்களைப் பறித்த செய்தியை அது சொல்கிறது. கல்வெட்டில் இருந்த அந்தப் பெயர்களையே எடுத்துக் கல்கி தம் சதிகாரர்களுக்கு வைத்தார். அவர்களுக்குப் பின்னால் இருந்தது யார் என்பதில் சரித்திர ஆசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. கல்கியும் கொலைக் காட்சியில் விளக்கை அணைத்துவிட்டார்! இருட்டில் யார் கை கொன்றது என்று எழுபது வருஷமாக வாசகர்கள் வாதாடுகிறார்கள்.

பிரான்சு தேசத்தில் அலெக்ஸாண்டர் டூமா எழுதிய 'மூன்று படை வீரர்கள்' கதையும் 1844-ல் பாரிஸ் தினசரி ஒன்றில் தொடர்கதையாகத்தான் வந்தது. நிஜ ராஜாக்களுக்கு நடுவே கற்பனை வீரர்களை உலவவிடும் வித்தையில் அவர் கெட்டிக்காரர். அந்த வித்தையைத் தமிழ் மண்ணில் வேரூன்றச் செய்தவர் கல்கி.

யாருடைய முறை?

கதையின் உயிர் நாடி ஒரு கேள்விதான். சுந்தர சோழருக்குப் பிறகு பட்டம் யாருக்கு?

முன்னே கண்டராதித்தர் என்ற சிவபக்தர் அரசராக இருந்தார். அவர் காலமானபோது மகன் சின்னக் குழந்தை. ஆகவே பட்டம் தம்பி அரிஞ்சயருக்குப் போயிற்று. அரிஞ்சயருக்குப் பிறகு அவர் மகன் சுந்தர சோழர் பட்டத்துக்கு வந்தார். இப்போது கண்டராதித்தரின் குழந்தை வளர்ந்துவிட்டது. "என் தகப்பனார் ஆண்ட நாடு எனக்கு இல்லையா?" என்பது அந்தப் பக்கத்து வழக்கு. "சுந்தர சோழருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களே!" என்பது இந்தப் பக்கத்து வழக்கு.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. பங்காளிச் சண்டை பார்த்த எந்தக் குடும்பத்துக்கும் இது புரியும்.

கரிகாலன் கொல்லப்பட்ட பிறகு ஜனங்கள் அருள்மொழிவர்மரே அரசராக வேண்டும் என்று ஆரவாரம் செய்கிறார்கள். படையும் அவர் பக்கம். பட்டாபிஷேக மண்டபம் நிரம்பி வழிகிறது. மணிமகுடம் அவர் கைக்கு வருகிறது. அவர் அதைத் தம் தலையில் வைத்துக்கொள்ளவில்லை. சித்தப்பாவின் தலையில் சூட்டிவிடுகிறார்!

அந்தச் சித்தப்பா யார் என்பதில் கல்கி ஒரு முடிச்சு வைத்திருக்கிறார். தஞ்சையில் தாயோடு பூத்தொடுத்துக் கோவிலுக்குக் கைங்கரியம் செய்துகொண்டிருந்த ஏழைப் பிள்ளை சேந்தன் அமுதன். அவன்தான் கண்டராதித்தரின் உண்மையான மகன்! பிறந்த நாளிலேயே குழந்தை மாறிப்போயிருக்கிறது. அவனை மணந்தவள் பூங்குழலி. உத்தம சோழர் என்று அவன் முடி சூடியபோது ஓடக்காரப் பெண் ராணி ஆனாள்.

குழந்தை மாறிய கதை கல்கியின் கற்பனை. மகுடத்தை விட்டுக்கொடுத்தது கற்பனை அல்ல. அதற்குச் சாட்சி இருக்கிறது. கோட்டைக்குப்பம் இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் அந்தச் சாட்சி கிடைத்தது!

திருவாலங்காட்டுச் செப்பேடு

நடராஜப் பெருமானும் காளியும் போட்டியிட்டு ஆடினார்கள் என்று சொல்லப்படும் ஊர் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் பெயரோடு சேர்ந்த ஊர். அந்தக் கோவிலில் 1905-ம் ஆண்டு ஒரு செப்பேட்டுக் கட்டு அகப்பட்டது. மொத்தம் 31 ஏடுகள். ராஜராஜரின் மகன் ராஜேந்திர சோழர், பழையனூர் என்ற கிராமத்தைக் கோவிலுக்குக் கொடுத்த தானப் பத்திரம் அது.

தானத்தைச் சொல்லுமுன் சோழர் வம்சத்தின் பெருமையையும் அது சொல்கிறது. அங்கேதான் அந்தச் செய்தி வருகிறது. குடிமக்கள் அருள்மொழிவர்மரை அரசராகும்படி வேண்டினார்கள். சித்தப்பாவுக்கு நாடாளும் ஆசை இருக்கும்வரை தாம் மனத்தாலும் அதை விரும்புவதில்லை என்று அவர் ஒதுங்கிக்கொண்டார்.

உத்தம சோழர் சுமார் பதினைந்து வருஷம் ஆண்டார். 985-ம் ஆண்டில்தான் அருள்மொழிவர்மர் ராஜராஜர் என்ற பெயருடன் அரியணை ஏறினார். தம் முறை வரும்வரை காத்திருந்தவர், வந்த பிறகு செய்ததை உலகம் அறியும். தஞ்சைப் பெரிய கோவில் இன்றும் நிற்கிறது.

செம்பிலே வெட்டிய அந்தச் சில வரிகளிலிருந்து முளைத்ததுதான் கடைசிப் பாகமான 'தியாக சிகரம்'. வெற்றி பெற்றவனைப் புகழும் கதைகள் ஆயிரம் உண்டு. கையில் கிடைத்ததை விட்டுக்கொடுத்தவனைச் சிகரத்தில் ஏற்றி வைத்த கதை இது.

கோட்டைக்குப்பத்தின் 'பாடு'

விட்டுக்கொடுத்துக் காத்திருப்பது அரச குடும்பத்துக்கு மட்டும் உரிய குணமா? பழவேற்காட்டு ஏரிக்குப் போய்ப் பார்க்கலாம்.

கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வருகின்றன. மழைத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலந்த ஏரியில் வளர்கின்றன. வளர்ந்ததும் வற்றுநீரோடு கடலுக்குத் திரும்புகின்றன. திரும்பும் வழியில் வலை கட்டினால் நல்ல இறால் கிடைக்கும். ஆனால் அப்படிப்பட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். ஆட்களோ அதிகம். எல்லாரும் ஒரே நாளில் வலையோடு பாய்ந்தால் மண்டைதான் உடையும்.

அதற்குப் பெரியவர்கள் கண்ட வழி 'பாடு'. வலை கட்டும் இடத்துக்கும் பாடு என்று பெயர். அங்கே வலை கட்டும் முறைக்கும் பாடு என்றே பெயர். கோட்டைக்குப்பம், நடூர்மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் இதில் வழிவழியாகப் பங்கு உள்ளவை. உரிமை உள்ளவர்கள் கூடிச் சீட்டுப் போடுகிறார்கள். சீட்டில் விழுந்தபடி இடமும் நாளும் மாறி மாறி வரும். இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவன் நாளை வேறு இடத்துக்குப் போக வேண்டும். இன்று முறை இல்லாதவன் கரையில் நிற்க வேண்டும்.

பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு இருக்கலாம். வீட்டில் அடுப்பு எரியாமல் இருக்கலாம். கண்ணெதிரே இறால் ஓடலாம். முறை இல்லாத நாளில் வலையை இறக்கக் கூடாது. மணிமகுடத்தை விட்டுக்கொடுப்பதைவிட இது எளிது என்று யார் சொல்ல முடியும்?

அதே சமயம் உண்மையையும் மறைக்கக் கூடாது. பாட்டிலும் குறை உண்டு. அந்த உரிமை பட்டினவர் சமூகத்து மணமான ஆண்களுக்கே என்று வழிவழியாக வந்தது. ஏரியை நம்பி வாழும் மற்ற ஊரார், மற்றச் சமூகத்தார் பலர் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். தகராறுகள் நடந்தன. வழக்குகளும் நடந்தன. முறை என்று ஒன்று இருந்தால் மட்டும் போதாது. அந்த முறைக்குள் யார் யாருக்கு இடம் என்பதும் கேள்விதான். சோழர் அரண்மனையைப் பிளந்ததும் இதே கேள்விதானே!

பூங்குழலிக்குப் பாடு உண்டா?

இங்கேதான் பூங்குழலி திரும்ப வருகிறாள்.

அவள் கோட்டைக்குப்பத்தில் பிறந்திருந்தால் பாட்டுச் சீட்டில் அவள் பெயர் இருந்திருக்காது. கடலுக்குப் போகும் படகிலும் இடம் இருந்திருக்காது. மீனவர் ஊர்களில் பெண்கள் கரைக்கு வந்த மீனை ஏலம் எடுக்கிறார்கள், கூடையில் சுமந்து விற்கிறார்கள், கருவாடு காயப் போடுகிறார்கள். பழவேற்காட்டு ஏரியில் இருளர் குலப் பெண்கள் மார்பளவு தண்ணீரில் இறங்கிக் கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். நாள் முழுதும் தண்ணீரில் நிற்கும் உழைப்பு அது. வலையும் கிடையாது, படகும் கிடையாது.

பெண்கள் தண்ணீரை அறியாதவர்கள் அல்ல. எந்தக் காற்றில் மீன் வரும், எந்த நாளில் முகத்துவாரம் தூர்ந்து போகும் என்பதெல்லாம் வீட்டுப் பேச்சிலேயே அவர்களுக்குத் தெரியும். முகத்துவாரம் மணல் மூடினால் ஏரிக்குக் கடல் தண்ணீர் வராது. இறால் வராது. முதலில் காலியாவது அடுக்களைப் பானைதான்.

எழுபது வருஷத்துக்கு முன்பே கல்கி ஒரு பெண்ணின் கையில் துடுப்பைக் கொடுத்தார். அவளை அலங்காரப் பொம்மையாக வைக்கவில்லை. வழி தெரியாத வீரனுக்கு வழி காட்டினாள். மூழ்க இருந்த இளவரசரை மீட்டாள். அரசாங்க ரகசியங்கள் அவள் ஓடத்தில் ஏறிப் போயின. கதையைப் படித்த எத்தனையோ பெண்கள் குந்தவையின் அறிவை வியந்தார்கள், நந்தினியின் அழகைக் கண்டு பயந்தார்கள். ஆனால் நாமும் இப்படி இருந்தால் என்ன என்று ஆசைப்பட வைத்தவள் பூங்குழலி.

திரையில் வந்தாள்

இந்தக் கதையைப் படமாக்க எம்.ஜி.ஆர். 1958-ம் ஆண்டிலேயே உரிமை வாங்கினார். படம் முடியவில்லை. பிறகும் பலர் ஆசைப்பட்டார்கள். கடைசியில் மணிரத்னம் இரண்டு பாகமாக எடுத்தார். முதல் பாகம் 2022-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதியும், இரண்டாம் பாகம் 2023-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதியும் வெளிவந்தன. ஐஸ்வர்யா லட்சுமி பூங்குழலியாக நடித்தார்.

படத்தில் முடிவு வேறு. மகுடம் மதுராந்தகனுக்கே போகிறது. சேந்தன் அமுதன் அரசன் ஆவதில்லை. ஆகவே பூங்குழலியும் ராணி ஆவதில்லை. ஓடக்காரப் பெண் அரியணை ஏறுவதைப் பார்க்க வேண்டுமானால் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும்.

தொடர் முடிந்த அதே 1954-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி கல்கி காலமானார். அவருடைய நூற்றாண்டை ஒட்டி அவர் எழுத்துகளை அரசாங்கம் நாட்டுடைமை ஆக்கியது. இப்போது யாரும் அச்சிடலாம். மலிவுப் பதிப்புகள் நிறைய உண்டு. ஐந்து பாகங்களும் பல நூலகங்களில் கிடைக்கும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் பயப்பட வேண்டியதில்லை. நடை எளிது. அத்தியாயங்கள் சிறியவை. வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம். இரவுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்தால் பத்து மாதத்துக்குள் முடிந்துவிடும். யார் படிப்பது என்று சண்டை வந்தால், கோட்டைக்குப்பத்தாரைப் போல் சீட்டுப் போட்டுக்கொள்ளலாம்!